தேனீப் பெட்டி கேள்வி பதில்: மூடுமுன் செத்ததா, மூடிய பிறகா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். பெட்டிக்குள் புழு சாகிறது, மணம் அடிக்கிறது, என்ன நோய் என்று தெரியவில்லை. நாட்கணக்கில் மழை அடித்து, பூ இல்லாமல் பெட்டி பட்டினி கிடந்த பிறகு இப்படிக் கடிதம் வருவது வழக்கம்தான். ராணி மாற்றுவது, தேன் விலை பற்றியெல்லாம் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, 35 பெட்டி வைத்திருக்கிறேன், வருமானத்தில் பாதி தேன் விற்றுத்தான் வருகிறது. நான்கு பெட்டிகளில் புழு அடை ஓட்டை ஓட்டையாகக் கிடக்கிறது. செத்த புழு சிலது மஞ்சள், சிலது கபில நிறம். ஒருவர் ஐரோப்பிய நோய் என்கிறார், இன்னொருவர் அமெரிக்க நோய், நான்கையும் எரி என்கிறார். வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?
— வெலிமடை வாசகர்

எரிக்கச் சொன்னவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் தம்பி. இரண்டும் பக்டீரியா நோய், இரண்டும் புழுவைத்தான் கொல்லும், வளர்ந்த தேனீயை ஒன்றும் செய்யாது. பெயரில் இருக்கிற ஊருக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை, முதலில் எங்கே ஆராய்ந்தார்களோ அந்த இடத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று: புழு செத்தது அறைக்கு மூடி போடுவதற்கு முன்னா, பின்னா?

முட்டை மூன்று நாளில் பொரிக்கும், புழு ஐந்து நாள் போலத் தின்னும், அப்புறம் வேலைக்காரத் தேனீக்கள் அறையை மெழுகால் மூடிவிடும். ஐரோப்பிய நோய்க் கிருமியான மெலிசோகொக்கஸ் புளூட்டோனியஸ் புழுவின் குடலில் குடியிருந்து அதன் சாப்பாட்டில் பங்குக்கு வருகிறது, புழு நாலைந்து நாள் வயதில் மூடி போடுமுன்னே செத்துப்போகிறது. ஆகவே திறந்த அறைகளில் பாருங்கள். நல்ல புழு முத்து வெள்ளையாக அறையின் அடியில் சுருண்டு கிடக்கும். நோய்ப்புழு முறுக்கிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, மஞ்சளாகி, உடம்புக்குள் வெள்ளை நூல் போல மூச்சுக்குழாய் தெரியக் கிடக்கும், மணம் புளித்த மா மாதிரி. அமெரிக்க நோய் பெனிபசிலஸ் லார்வே என்ற கிருமியால் வருவது, அது பெரும்பாலும் மூடிய பிறகுதான் கொல்லும். மூடி உள்ளே அமுங்கி, எண்ணெய் பட்டது போலக் கறுத்து, கோணல்மாணலாகக் கிழிந்த ஓட்டையோடு இருக்கும். மணம், தச்சர்கள் முன்பு பலகை ஒட்ட வச்சிரப் பசை காய்ச்சுவார்களே, அதுதான்.

இனி நெருப்புக்குச்சி. மருந்து இல்லாத முனையை அப்படி அமுங்கிய ஓர் அறைக்குள் விட்டு, நன்றாகக் கலக்கி, மெதுவாக வெளியே இழுங்கள். பலாக்காய் வெட்டும்போது பால் கத்தியோடு இழுபட்டு வருமே, அதுபோலக் கபில நிற நூல் இரண்டரை சென்டிமீற்றருக்கு மேல் அறாமல் வந்தால் அமெரிக்க நோய் என்றே எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய நோயில் நூலே வராது, வந்தாலும் குறுநொய் போலத் திரிதிரியாக வந்து உடனே அறுந்துவிடும். ஓர் அறையோடு நிறுத்தாதீர்கள், ஒவ்வொரு பெட்டியிலும் பத்து அறையாவது பாருங்கள், ஒவ்வொரு பெட்டிக்கும் புதுக் குச்சி, பார்த்த குச்சியைப் புகைப்பானுக்குள் போட்டு எரித்துவிடுங்கள். செத்த புழு அழுகிக் குழைந்திருக்கும் சில வாரங்களில் மட்டும்தான் இந்த நூல் வரும். நாள் போனால் அது காய்ந்து அறையின் கீழ்ச் சுவரில் கறுப்புச் செதிலாக ஒட்டிவிடும். அடை கட்டியிருக்கிற மரச் சட்டத்தைச் சாய்த்துப் பிடித்து, வெயில் தோளுக்குப் பின்னாலிருந்து அறைக்குள் விழும்படி நின்று பாருங்கள். ஊசியால் கிளப்பினாலும் பெயராமல் அறைச்சுவரோடு பிய்ந்து வந்தால் அமெரிக்க நோய், சுலபமாக உதிர்ந்தால் ஐரோப்பிய நோய்.

அப்படிக் காய்ந்த செதில்தான் கிடைக்கிறது என்றால் பால்மாச் சோதனை இருக்கிறது. கொழுப்பு நீக்கிய பால்மா 1 கிராமை 100 மில்லிலீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, அதில் கொஞ்சத்தை இரண்டு சின்னக் கண்ணாடிப் போத்தல்களில் ஊற்றி, ஒன்றில் மட்டும் செதிலைப் போடுங்கள். 20 நிமிடத்துக்குள் அந்தப் பால் கலங்கல் தெளிந்து, மற்றது வெள்ளையாகவே நின்றால் அமெரிக்க நோய். பாலின் புரதத்தை அறுக்கிற நொதியை அந்தக் கிருமிதான் விட்டுவைத்திருக்கிறது. பால்மா விற்கிற விலையில் முழுப் பக்கற்றைக் கரைத்துவிடாதீர்கள், 1 கிராம் போதும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு ஐரோப்பிய நோய்ச் சந்தேகம்தான் கூட. நம் நாட்டுத் தேனீ பொல்லாத சுத்தக்காரி, கெட்ட புழுவை உடனே இழுத்து வெளியே போட்டுவிடும், அமெரிக்க நோய் மேற்கத்தியத் தேனீயை ஆட்டிவைப்பது போல இதனிடம் ஆட்டிவைப்பதில்லை. ஆனால் அதே சுத்தத்தால்தான் உங்கள் கண்ணுக்குச் செத்த புழு குறைவாகவும் வெற்றறை அதிகமாகவும் படும். ஆகவே அடை ஓட்டை ஓட்டையாக இருப்பதே முதல் மணியோசை என்று எடுத்துக்கொண்டு தேட வேண்டும்.

நோய் எது என்று தெரியும்வரை அந்த நான்கு பெட்டிகளிலிருந்து ஒரு சட்டத்தைக்கூட மற்ற 31 பக்கம் கொண்டுபோக வேண்டாம். இதை நான் பட்டுச் சொல்கிறேன். ஒரு வருடம் பலமில்லாத பெட்டிகளுக்குப் பலம் சேர்க்கிறேன் என்று சட்டம் மாற்றி மாற்றி வைத்து, கத்தியையும் கழுவாமல் பெட்டி பெட்டியாகப் போய், இரண்டு பெட்டி ஐரோப்பிய நோயை ஒன்பதாக்கினேன். தேனீயைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், கத்தியைப் பார்க்கவே இல்லை.

உறுதிப்படுத்த வேண்டுமென்றால், செத்த புழு உள்ள இடமாக உள்ளங்கை அளவு அடையை வெட்டி, தேன் இல்லாமல், பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துப்போங்கள். பொலித்தீன் பையில் போட்டால் பூஞ்சணம் பிடித்து ஒன்றும் தெரியாமல் போகும். பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு இருக்கிறது, வெலிமடையிலிருந்து தூரமும் இல்லை. போகுமுன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

மூடிய அறைகளில் நடுவில் ஊசி குத்தியது போல ஓட்டை இருக்கிறது. இதுதானே அமெரிக்க நோயின் அடையாளம்? பயமாக இருக்கிறது.
— அப்புத்தளை வாசகி

பயப்படாதீர்கள் தங்கச்சி, அது ஆண் தேனீ அறை. நம் நாட்டுத் தேனீயின் ஆண் அறை மூடி கூம்பு போல மேலே எழும்பி, உச்சியில் ஒரு சின்னத் துளையோடுதான் இருக்கும், பிறவியே அப்படி. வெளிநாட்டுத் தேனீயை வைத்து எழுதிய புத்தகங்களில் இது இருக்காது, அதனால் புதிதாகப் பெட்டி வைக்கிற பாதிப் பேர் இதைப் பார்த்துத்தான் முதல் தடவை பதறுவார்கள். நோய் ஓட்டை உள்ளே அமுங்கிய மூடியில், நடு ஓரம் என்று கணக்கில்லாமல், கிழிசலாக இருக்கும்.

டெட்ராசைக்கிளின் குளிசையை உடைத்துச் சீனிப்பாகில் கலந்து வைத்தால் புழு நோய் போய்விடும் என்று சொல்லித் தந்தார்கள். எத்தனை குளிசை போட வேண்டும்?
— பதுளை வாசகர்

ஒன்றும் போட வேண்டாம்! அமெரிக்க நோய்க் கிருமிக்கு இரண்டு உருவம். வளர்ந்து பெருகுகிற உருவத்தை மருந்து அடக்கும், வித்தாக உறைந்த உருவத்தை ஒன்றும் செய்யாது. செத்த புழு ஒன்றில் 200 கோடிக்கு மேல் வித்து இருக்கலாம், பொரித்து ஒரு நாள் ஆகாத புழுவுக்குப் பத்து வித்துப் போதும், அந்த வித்து பழைய அடையிலும் பலகையிலும் 35 வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். நீங்கள் மருந்து வைத்தால் அடை ஒரு பருவத்துக்கு அழகாகத் தெரியும், நெருப்புக்குச்சியும் சுத்தமாக வரும், நோய் போய்விட்டது என்று நம்பிச் சட்டத்தை மாற்றுவீர்கள், பெட்டியை விற்பீர்கள், மருந்தை நிறுத்தியதும் உங்களிடமும் வாங்கியவரிடமும் ஒரே நேரத்தில் கிளம்பும். தேனிலும் மருந்து தங்கும்.

இன்னொன்று, உங்கள் பெட்டியில் இருப்பது பக்டீரியாவே இல்லாமலும் இருக்கலாம். பைப்புழு நோய் என்று ஒன்று உண்டு, அது வைரஸ். புழு அறைக்குள் நீட்டி நிமிர்ந்து, தலையைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் நிரம்பிய பை போலக் கிடக்கும், ஊக்கால் தூக்கினால் முழுதாக வரும், நூலும் இழுபடாது, நாற்றமும் பெரிதாக இல்லை. 1991-92இல் தென்னிந்தியாவில் நாட்டுத் தேனீப் பெட்டிகளைக் கூட்டம் கூட்டமாகக் காலியாக்கியது இதன் தாய்லாந்து வகைதான். வைரஸுக்குக் குளிசை போட்டு என்ன பிரயோசனம்? ஐரோப்பிய நோயாக இருந்தால் அந்தக் குளிசைக் காசுக்குச் சீனி வாங்கிப் பாகு வையுங்கள், கூட்டத்தைக் குறைந்த சட்டங்களுக்குள் ஒடுக்குங்கள், அழுக்கு அடைகளை எடுத்துவிட்டுப் புது ராணி கொடுங்கள். கிராண்டிஸ் என்கிற யூக்கலிப்டஸ் மரம் பூத்துத் தேன் வரவு தொடங்கியதும் பெரும்பாலும் தானே தேறும்.

நுவரெலியாவில் உறைபனி விழுந்த வாரத்துக்குப் பிறகு அடையின் ஓரத்தில் மட்டும் புழு கறுத்துச் செத்திருக்கிறது.
— கந்தப்பளை வாசகர்

குளிர். தேனீ போதாமல் ஓரத்தைப் போர்த்த முடியவில்லை. திறந்ததும் மூடியதும் ஒன்றாகச் செத்திருக்கும், நோய் அப்படி ஓரம் பார்த்துக் கொல்லாது. வெற்றுச் சட்டங்களை எடுத்துவிட்டு, மூடிக்குள் சாக்கு மடித்துப் போடுங்கள்.

நோய் வந்த பெட்டித் தேனைச் சாப்பிடலாமா?
— ஹற்றன் வாசகி

நீங்கள் சாப்பிடலாம், இந்தக் கிருமிகள் மனிதரை ஒன்றும் செய்யாது. ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு எந்தத் தேனும் வேண்டாம், அது வேறு கிருமி, வேறு காரணம். ஆனால் அந்தத் தேனைத் தேனீக்குத் திருப்பி வைக்காதீர்கள், பிழிந்த அடையையும் பாத்திரத்தையும் முற்றத்தில் போட்டு வைக்காதீர்கள், அயல் பெட்டியெல்லாம் வந்து நக்கிவிட்டு நோயை வீட்டுக்குக் கொண்டுபோகும். கடையில் வாங்கிய தேனைப் பசித்த பெட்டிக்கு வைக்கிறவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அமெரிக்க நோய் என்று உறுதியாகவே வந்துவிட்டால் எரிப்பதைத் தவிர வழியில்லையா? பெட்டி கடனில் வாங்கியது.
— பெயர், ஊர் வேண்டாம் என்றவர்

அடைக்கும் சட்டத்துக்கும் வழியில்லை. பெட்டிப் பலகை நல்லதாக இருந்தால் மெழுகையும் பிசினையும் சுரண்டி எடுத்து, உள்பக்கம் முழுக்கக் கபில நிறம் வரும்வரை ஊதுவிளக்கால் வாட்டி வைத்துக்கொள்ளலாம், அந்தக் காசாவது மிஞ்சும். சுரண்டியதும் நெருப்புக்குத்தான். முதலில் குழி வெட்டுங்கள், ஒன்றரை அடி ஆழமாவது வேண்டும், உருகிய தேனும் மெழுகும் வழிந்து வெளியே ஓடக்கூடாது. பொழுதுபட்டு எல்லாத் தேனீயும் உள்ளே வந்த பிறகு வாசலை அடைத்து, சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக் கூட்டத்தை முடித்து, அடையையும் சட்டத்தையும் குழிக்குள்ளேயே எரித்து, சூடு ஆறியதும் மண் போட்டு மூடுங்கள். பகலில் செய்தால் வெளியே போன தேனீக்கள் திரும்பி வந்து பெட்டியைக் காணாமல் பக்கத்துப் பெட்டிக்குள் நுழையும். கையுறையையும் எரியுங்கள், கத்தியை நெருப்பில் காட்டுங்கள். மிச்சப் பெட்டிகளை ஆறு வாரம் கழித்து மறுபடி நெருப்புக்குச்சியோடு திறந்து பாருங்கள், அதுவரை புதுப் பெட்டி வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.