மதுரையிலிருந்து கொல்லம் பக்கம் போக, காரை விட ரயிலில் மலை அழகாகத் தெரிவது ஏன்?

செங்கோட்டை தாண்டி பகவதிபுரத்திலிருந்து புனலூர் வரை ரயில் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கிறது. இதைத்தான் மலைரயில் பாதை என்கிறோம்.

இரும்புச் சக்கரமும் இரும்புத் தண்டவாளமும் உரசும்போது பிடிமானம் குறைவு. அதனால் ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. மூட்டை கட்டிய சைக்கிளை மேட்டில் நேராகத் தள்ளாமல் வளைத்து வளைத்துத் தள்ளுவோமே, அதேதான். பாதை மலையைச் சுற்றி, குகைக்குள் நுழைந்து, பள்ளத்தைப் பாலத்தில் கடக்கிறது. 1904-ல் திறந்த பாதை இது. 2018-ல் அகலப்பாதையானது.

திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் சாலையும் இதே மலையில்தான் ஏறுகிறது. ஆனால் ஓட்டுபவர் கண் வளைவிலும் எதிரே வரும் லாரியிலும்தான் இருக்கும். ரயிலிலோ வேகம் குறைவு, கண்ணுக்கு வேறு வேலையில்லை. கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் பாலத்தில் ஜன்னலோரம் இருந்தால், கருங்கல் வளைவுகளுக்குக் கீழே சாலையும் ஓடையும் தெரியும். அதை அவசியம் பாருங்கள்.

மதுரை–குருவாயூர் எக்ஸ்பிரஸ் பகலில் இந்த வழியே போகிறது. பெயரைப் பார்த்துப் பலர் மதுரை–புனலூர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். அது நாகர்கோவில், திருவனந்தபுரம் சுற்றிப் போவது, இந்த மலையில் ஏறாது.