ஒரு மாநகராட்சியின் சுற்றுச்சூழல் கொள்கை காலப்போக்கில் எப்படி உருவாகிறது?

இந்தக் கொள்கைகளை எழுதுவது நிபுணர்களா, மாமன்றமா, ஆணையரா என்றும், எழுதியது தெருவுக்கு வரும்போது ஏன் வேறொன்றாகிவிடுகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வடசென்னையின் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்கு நடந்துபோகும் தொலைவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறேன். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மனுக்களை எழுதுவது என் பொறுப்பு. ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பொருளான குப்பையை வைத்தே பதில் சொல்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சென்னையில் சுற்றுச்சூழல் கொள்கை பெரும்பாலும் மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்கு வெளியே பிறக்கிறது. நீதிமன்றமோ, வெள்ளமோ, கடன் கொடுக்கும் வங்கியோ அதை உள்ளே கொண்டுவந்து சேர்க்கிறது. உள்ளே வந்தபின் அது ஒப்பந்தப்புள்ளியாக மாறும் இடத்தில்தான் அதன் உண்மையான வாசகம் எழுதப்படுகிறது.

எண்பதுகளில் கொடுங்கையூரில் குப்பை கொட்டத் தொடங்கியபோது அதற்குப் பின்னால் கொள்கை என்று சொல்லத்தக்க எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தாழ்வான நிலம் இருந்தது, நகரம் தள்ளியிருந்தது, லாரிகள் வந்தன. நகரத்தின் வடக்கிலும் மையத்திலும் சேர்ந்த குப்பை இங்கேயும், தெற்கில் சேர்ந்தது பெருங்குடிச் சதுப்பு நிலத்திலும் போய் விழுந்தது. இந்த வழக்கத்தை முதன்முதலாகக் கேள்விக்கு உட்படுத்தியது எந்த மாநகராட்சியும் அன்று. சுற்றுச்சூழல் ஆர்வலர் அல்மித்ரா பட்டேல் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாகத்தான் மத்திய அரசு 2000-இல் நகராட்சித் திடக்கழிவு விதிகளைக் கொண்டுவந்தது. குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும், மக்குவதை உரமாக்க வேண்டும், எதற்கும் உதவாததை மட்டுமே நிலத்தில் கொட்ட வேண்டும் என்பது அந்த விதிகளின் சாரம். குப்பையைப் பதப்படுத்தும் வசதிகளை 2003 இறுதிக்குள் அமைத்துவிட வேண்டும் என்று கெடுவும் விதித்திருந்தார்கள்.

அதே 2000-ஆம் ஆண்டில்தான் சென்னையின் சில மண்டலங்களில் குப்பை அள்ளும் பணி முதன்முறையாகத் தனியாரிடம் தரப்பட்டது. அள்ளிய குப்பையின் எடைக்கு, டன்னுக்கு இவ்வளவு என்று பணம் கொடுப்பதாக ஒப்பந்தம் அமைந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிடங்குக்குப் போகும் குப்பை குறைய வேண்டும் என்கிறது விதி. கூடினால் கூலி கூடும் என்கிறது ஒப்பந்தம். தேங்காய் மட்டையையும் காய்கறிக் கழிவையும் தெருவிலேயே பிரித்து உரமாக்கினால் ஒப்பந்தக்காரருக்கு நட்டம். மழையில் நனைந்த மண்ணோடு சேர்த்து அள்ளினால் இலாபம். வங்கியில் வட்டிக் கணக்குப் பார்த்தவனுக்கு இதில் எது வெல்லும் என்று சொல்ல அதிக நேரம் ஆகாது. எடைக்குப் பதிலாகப் பணியின் தரத்தை அளக்கும் குறியீடுகளை வைத்துப் பணம் தரும் ஒப்பந்தங்கள் வருவதற்கு 2020 ஆனது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் வெளிவந்த விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் எல்லாவற்றையும்விட, அந்த ஒரு பணப்பட்டுவாடா விதிதான் எங்கள் மேட்டை வளர்த்தது என்பது என் துணிபு.

மாறிய ஒப்பந்தத்திலும் ஓட்டை உண்டு. எங்கள் தெருவுக்கு வரும் பேட்டரி வண்டியில் பச்சைத் தொட்டி தனி, நீலத் தொட்டி தனி. வண்டி ஓட்டும் அம்மா கறாரானவர். மக்கும் குப்பைக்குள் பால் கவர் கிடந்தால் வாளியைத் திருப்பித் தந்துவிடுவார். ஒருநாள் காலை நடைப்பயிற்சியின்போது, தெருமுனையில் நின்ற, குப்பையை அழுத்தி ஏற்றும் காம்பாக்டர் லாரியில் அவர் இரண்டு தொட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ப்பதைப் பார்த்து, இதற்காகவா எங்களைப் பிரிக்கச் சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நான் பிரிச்சுத்தான் சார் கொண்டாறேன். லாரிக்கு ஒரே வாய்தானே இருக்கு, நான் என்ன பண்ண?" என்றார். அன்று முதல் எந்தக் கொள்கை ஆவணத்தைப் படித்தாலும் லாரிக்கு எத்தனை வாய் என்று தேடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

இந்தக் கதையில் பலர் கவனிக்காமல் விடும் ஓர் இடைவெளி இருக்கிறது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்னைக்கு மேயரும் இல்லை, மாமன்ற உறுப்பினர்களும் இல்லை. ஆனால் 2019 ஜனவரியில் மாநில அரசின் பிளாஸ்டிக் தடை தொடங்கியது, அதே ஆண்டு கோடையில் ஏரிகள் வறண்டு நகரம் தண்ணீருக்கு அலைந்தது, பேரிடர்களைத் தாங்கி மீளும் நகரின் மீள்திறன் குறித்த ஆவணம் வெளியானது, மேலே சொன்ன புதிய ஒப்பந்தங்கள் கையெழுத்தானது எல்லாம் அந்தக் காலத்தில்தான். அதிகாரிகள் திறமையானவர்களாகவே இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் வார்டின் சார்பில் எழுந்து நின்று, கொடுங்கையூருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்க ஓர் ஆள் இல்லை.

தேர்தலுக்குப் பிறகு நிலைமை ஓரளவு மாறியது என்பதையும் சொல்ல வேண்டும். வடசென்னையின் திரு.வி.க. நகர்ப் பகுதியிலிருந்து வந்த பிரியா மேயரானார். 2022 நவம்பரில் பகுதி சபைகள், அதாவது வார்டு மக்கள் நேரில் வந்து கேள்வி கேட்கும் கூட்டங்கள், கூடத் தொடங்கின. அதே ஆண்டு செப்டம்பரில் காலநிலைச் செயல்திட்டத்தின் வரைவைக் கருத்துக் கேட்புக்கு வெளியிட்டபோது அது ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. கண்டனம் எழுந்தபின் தமிழிலும் வந்தது, அவகாசமும் நீட்டிக்கப்பட்டது. 2050-க்குள் கரிமச் சமநிலை, அதாவது நகரம் வெளிவிடும் கரிம வாயுவும் அகற்றுவதும் சமமாவது, என்னும் இலக்கோடு 2023 ஜூனில் அந்தத் திட்டம் முடிவான வடிவில் வெளியானது. நல்ல ஆவணம்தான். ஆனால் 2014-இல் நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை நாட்டிலேயே முதலாவதாக ஏற்றதும் இதே மாநகராட்சி. அதன் காட்சிப்பொருளாகப் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் கிடைத்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டிப் பார்த்தவர்களிடம் அந்தக் கொள்கையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

எழுதியது ஒழுங்காக நடந்த ஓர் எடுத்துக்காட்டும் உண்டு: மழைநீர் சேகரிப்பு. 2003-இல் மாநில அரசு அவசரச் சட்டத்தின் மூலம் அதை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம் என்றது. எங்கள் தெருவில் அறிவுரையால் ஒரு வீட்டில்கூடக் குழி தோண்டவில்லை. குழாயை அடைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் எல்லோருமே தோண்டினோம். பராமரிப்பைச் சோதிக்க யாரும் வராததால் பல குழிகள் இன்று தூர்ந்து கிடக்கின்றன என்பது வேறு விஷயம்.

மாநகராட்சியின் கை எட்டாத பகுதியையும் மறக்கக் கூடாது. மணலியின் ஆலைப் புகை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. ஆறுகள் நீர்வளத் துறையுடையவை. கழிவுநீர் குடிநீர் வாரியத்துடையது. எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்திருக்கும் சாம்பல் அனல்மின் நிலையத்துடையது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியபோது மீனவர்கள் படகில் போய் வாளியால் அதை அள்ளினார்கள். அந்த வாளிக்கு எந்த நகரத் திட்டத்திலும் அத்தியாயம் இருந்ததில்லை.

இப்போது கிடங்கின் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் பயோமைனிங் பணி, பெருங்குடியில் தொடங்கிய பின்னர், எங்கள் பக்கமும் வந்திருக்கிறது. 60 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குப்பை. செலவு 600 கோடி ரூபாயைத் தாண்டும். மீட்கும் நிலத்தில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை வைப்பதாக மாநகராட்சி அறிவித்தபோது, 2025 மே மாதத்தில் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள், நானும் நின்றேன். உலைக்கு நாள்தோறும் தீனி வேண்டும். குப்பை குறைந்தால் உலை பட்டினி கிடக்கும் என்பதால், அது மறுபடியும் அந்தப் பழைய டன் கணக்கு ஒப்பந்தத்தின் வேறு உருவமாகவே எனக்குப் படுகிறது.

ஆகவே உங்கள் நகரத்தின் கொள்கையைப் புரிந்துகொள்ள விரும்பினால், அட்டையில் மரம் போட்ட ஆவணத்தை ஒருமுறை படித்துவிட்டு, ஒப்பந்தப்புள்ளியில் பணம் எதற்குத் தரப்படுகிறது என்ற பக்கத்தைப் பத்து முறை படியுங்கள். கடந்த பகுதி சபையில் நான் அதைத்தான் கேட்டேன்: எங்கள் வார்டில் பிரித்து வாங்கிய குப்பை எத்தனை கிலோ, அதில் பிரித்தபடியே போய்ச் சேர்ந்தது எத்தனை கிலோ, இரண்டு வாய் உள்ள லாரி எப்போது வரும். பதிவேட்டில் என் கேள்வியை எழுதிக்கொண்டு, எதிரே "ஆவன செய்யப்படும்" என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பக்கத்தின் நகலோடு போகிறேன்.