மலைப்பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தால் தகுதி போய்விடுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். வயது 43. கன்டெய்னர் யார்டில் ஷிப்டு வேலை. விடுமுறை நாள்களில் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு வரை சைக்கிளில் போய்த் திரும்புவேன். ஏறக்குறைய 100 கி.மீ. வரும். ஏலகிரி ஏறி இறங்கும் 200 கி.மீ. பி.ஆர்.எம். (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள்) பயணத்தில் கலந்துகொள்ள ஆசை. மலையில் இறங்கி நடந்தால் விலக்கிவிடுவார்கள் என்றும், என்னுடைய ஏழு கியர் சைக்கிள் அங்கே ஏறாது என்றும், புது சைக்கிளும் பின்னாலேயே வரும் வேனும் சேர்த்து ஒரு ‘பேக்கேஜ்’ எடுத்துக்கொள்ளுமாறும் தெரிந்தவர் ஒருவர் வற்புறுத்துகிறார். அவர் சொல்வது உண்மையா?

பதில்: நடக்கலாம். வண்டி உங்கள் உடல் உழைப்பால் மட்டுமே நகர வேண்டும் என்பதுதான் விதி. உட்கார்ந்து மிதிப்பதா, இறங்கித் தள்ளுவதா என்பது உங்கள் விருப்பம். ஏலகிரியின் கொண்டை ஊசி வளைவுகளில் விலை உயர்ந்த சைக்கிளைத் தோளோடு சாய்த்துத் தள்ளிக்கொண்டு போகிறவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் மாலையில், பயணத்தை முடித்ததற்கான முத்திரையைத் தங்கள் பயண அட்டையில் வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினார்கள்.

உங்கள் நண்பர் இதைப் பந்தயம் என்று நினைத்துக்கொண்டோ, உங்களை அப்படி நினைக்க வைத்தோ பேசுகிறார். 1904-இல் தொடங்கப்பட்ட ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற பாரிஸ் சைக்கிள் மன்றத்தின் விதிகளின்படி உலகெங்கும் நடக்கும் பயணம் இது. இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா என்ற அமைப்பின் கீழ், உள்ளூர் மன்றங்களைச் சேர்ந்த தன்னார்வலர்கள் தங்கள் சொந்த ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து இதை நடத்துகிறார்கள். முதல் இடம், இரண்டாம் இடம் எதுவும் கிடையாது. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடித்தவர்கள் எல்லாரும் முடித்தவர்கள்தாம். எட்டு மணி நேரத்தில் வந்தவருக்கும் பதின்மூன்றேகால் மணி நேரத்தில் வந்தவருக்கும் ஒரே மரியாதை. ஆனால் மலை இருக்கிறது என்பதற்காக ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகத் தரமாட்டார்கள். ஆகவே நீங்கள் கவலைப்பட வேண்டியது நடப்பதைப் பற்றியன்று, கடிகாரத்தைப் பற்றி.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். மலைச்சாலை 12 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியை மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் மிதித்தும் மீதியை 4 கி.மீ. வேகத்தில் நடந்தும் கடந்தால் மேலே போய்ச் சேர இரண்டு மணி இருபது நிமிடமாகும். இறங்க அரை மணி. எஞ்சிய 176 கிலோமீட்டருக்கு உங்களிடம் பத்து மணி நாற்பது நிமிடம் இருக்கும். சமதளத்தில் சராசரியாக மணிக்கு 20 கி.மீ. ஓட்டினால் அதில் எட்டே முக்கால் மணி நேரம் போய்விடும்; சாப்பாடு, தண்ணீர், பஞ்சர், முதுகை நிமிர்த்துவது எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவான நேரம்தான் மிஞ்சும். மலையில் நடந்ததால் நேரத்தைத் தவறவிட்டவர்களைவிட, டீக்கடை பெஞ்சில் ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ என்று உட்கார்ந்து தவறவிட்டவர்களே அதிகம்.

சைக்கிளை மாற்ற வேண்டாம், பின்பக்கப் பற்சக்கரத் தொகுதியான பிரீவீலை மட்டும் மாற்றுங்கள். உங்களுடையது போன்ற வண்டிகளில் முன்பக்கம் 42 பல்லும் பின்பக்கத்தின் பெரிய பற்சக்கரத்தில் 28 பல்லும் இருப்பது வழக்கம். ஒரு முழு மிதிக்கு வண்டி மூன்று மீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். பின்னால் 34 பல் வைத்தால் அது இரண்டரை மீட்டர் அளவுக்குக் குறையும். கிணற்றில் தண்ணீரைப் பெரிய குடத்தில் ஒரே இழுப்பாக இழுப்பதற்கும் சின்னக் குடத்தில் இரண்டு முறை இழுப்பதற்கும் உள்ள வேறுபாடுதான், தோள் பிழைத்துக்கொள்ளும். செயினில் சில கண்ணிகள் கூட்ட வேண்டியிருக்கலாம், அதை மெக்கானிக் பார்த்துக்கொள்வார். மாற்றிய கையோடு மலைக்குப் போகாமல், ஒரு முறையாவது பழவேற்காடு போய் வாருங்கள். மூலக்கொத்தளம், வியாசர்பாடி மேம்பாலங்களில் ஏறி இறங்கிப் பயிற்சி எடுப்பதாகச் சிலர் சொல்வார்கள். இரண்டு நிமிடத்தில் முடிகிற மேடு எதற்கும் உதவாது. பிற்பகலில் எண்ணூர் நெடுஞ்சாலையில் அடிக்கிற கடற்காற்றுக்கு எதிராக ஒரு மணி நேரம் விடாமல் மிதிப்பது மலைக்கு மிக நெருக்கமான பயிற்சி, அந்தச் சாலையின் கன்டெய்னர் லாரிகளையும் குழிகளையும் சமாளிக்கத் தெரிந்தவருக்கு. இத்தனை ஆண்டுகளாகியும் அங்கே சைக்கிளுக்கென்று ஒரு முழம் ஓரத்தை விட்டுவைக்கத் தோன்றவில்லை. வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு போடுவதுகூடப் பெரிய காரியமாகிவிட்டது. மேடு பள்ளமான சாலைக்கு, ஒரு விடுமுறை நாளில் ஜனப்பன்சத்திரத்தில் திரும்பி, பெரியபாளையம், ஊத்துக்கோட்டை தாண்டி நாகலாபுரம் வரை போய் வாருங்கள்.

இனி அந்தப் பேக்கேஜ். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு பருவத்திலும் இதில் மாட்டிக்கொண்டு ஒருவராவது என்னிடம் வருகிறார். தன்னார்வலர்கள் சம்பளம் வாங்காமல் நடத்துகிற பயணத்துக்குப் பதிவுக் கட்டணம் குறைவாகத்தான் இருக்கும். அதையும் நடத்துகிற மன்றத்தின் பதிவுப் பக்கத்திலேயே கட்ட முடியும். நடுவில் ஒருவர் ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஜெர்சி, தங்கும் அறை, வேன், மெடல் எல்லாம் சேர்த்து ஆயிரக்கணக்கில் கேட்டால், அவர் விற்பதில் பாதி உங்களுக்குத் தேவையற்றது, மீதி உங்களுக்குக் கேடு. மெடலைப் பயணம் முடித்தவர்கள் விரும்பினால் தனியாகப் பணம் கட்டி வாங்கிக்கொள்வார்கள். முடிக்கும் முன்பே அதை ஒருவர் எப்படி விற்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். கேடு என்று நான் சொல்வது வேனை. விதிப்படி, கன்ட்ரோல் எனப்படும் சோதனை இடங்களில் தவிர, வழியில் வேறெங்கும் உங்களுக்காக வந்த வண்டியிலிருந்து தண்ணீரோ டியூபோ சாப்பாடோ வாங்கக் கூடாது. உங்களைத் தொடர்ந்து ஒரு வண்டி வரவும் கூடாது. நடந்தால் விலக்குவார்கள் என்று உங்களைப் பயமுறுத்தியவர், உண்மையிலேயே உங்களை விலக்க வைக்கக்கூடிய ஒன்றைத்தான் காசுக்கு விற்கிறார். வழியிலுள்ள கடையில் நீங்களே வாங்கிக் குடிப்பதற்குத் தடையில்லை, சக ஓட்டுநர் பம்பு கொடுத்து உதவுவதற்கும் தடையில்லை.

இதே இனத்தைச் சேர்ந்த இன்னொருவர் ரயில் நிலையப் பார்சல் அலுவலக வாசலில் நிற்பார். ஜோலார்பேட்டைக்கு ரயிலில் போவது நல்ல யோசனைதான். பயணச் சீட்டைக் காட்டி, சைக்கிளை ரயிலின் பிரேக் வேன் எனப்படும் சரக்குப் பெட்டியில் ஏற்ற நீங்களே பதிவு செய்யலாம். ஆனால் கவுண்டரில் படிவம் இருக்காது, படிவம் கிடைத்தால் எடை போடுகிறவர் இருக்கமாட்டார். அந்த இடைவெளியில்தான் ‘நான் ஏத்திவிடறேன் சார்’ என்று தோளைத் தொடுவார்கள். நானும் ஒரு முறை பணம் கொடுத்தேன். நான் விடியற்காலையில் இறங்கினேன், சைக்கிள் மறுநாள் மதியம் இறங்கியது. ரசீது உங்கள் பெயரில், உங்கள் கைக்கு வராமல் வண்டியை விட்டு நகராதீர்கள். பயணத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். இரவு ஷிப்டு முடித்த கையோடு கிளம்பவே கிளம்பாதீர்கள்.

கன்ட்ரோல்களைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் மூடும் நேரம் உண்டு: 60-ஆவது கிலோமீட்டரில் இருப்பது நான்கு மணி நேரத்திலும், 100-ஆவதில் இருப்பது ஆறு மணி நாற்பது நிமிடத்திலும் மூடும். ஆளில்லாத இடங்களில் கடை ரசீதையோ ஏடிஎம் தாளையோ சான்றாகக் கேட்பதுண்டு. தாள் தீர்ந்துபோன ஏடிஎம் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியும், எனவே வேறு எதை ஏற்பார்கள் என்பதைக் கிளம்பும் முன்பே நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூடிய பிறகு போய்ச் சேர்ந்தால் எல்லாம் முடிந்தது என்று பலர் அங்கேயே சைக்கிளைச் சாய்த்துவிடுகிறார்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது, யாரும் சொல்வதில்லை என்பதால் சொல்கிறேன். வழியில் விபத்தில் விழுந்தவருக்கு உதவ நின்றதாலோ, சாலையையே அடைத்துவிட்டதாலோ, அதாவது உங்கள் கையில் இல்லாத, முன்கூட்டி அறிய முடியாத காரணத்தால் தாமதமானால், நடத்துகிறவர் அதைப் பொறுத்துக்கொண்டு உங்களைத் தொடர அனுமதிக்கலாம். ‘அனுமதிக்கலாம்’, அனுமதித்தே ஆக வேண்டும் என்பதில்லை. களைப்பு, பசி, பஞ்சர், செயின் அறுந்தது ஆகியவை அந்தக் கணக்கில் சேரா. ரயில்வே கேட் மூடியிருந்தது என்பதையும் நான் ஏற்கமாட்டேன்; கொருக்குப்பேட்டைப் பக்கத்தில் வாழ்கிறவர் கேட் மூடும் என்பதை எதிர்பார்க்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? சாலை அடைப்பாக இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நடத்துகிறவருக்கு உடனே தொலைபேசியில் சொல்லுங்கள், சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டே இருங்கள். முடிவை அவர் எடுக்கட்டும், நீங்கள் எடுக்காதீர்கள். இந்தச் சலுகை இடையிலுள்ள கன்ட்ரோலுக்கு மட்டும். மொத்தம் 13 மணி 30 நிமிடம் என்பது அப்போதும் மாறாது.

ஏறுவதைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்குப் பயம் இறங்குவதில்தான். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் கையைச் சுடும் அளவுக்குச் சூடேறும், ரப்பர் கட்டை வழுவழுப்பாகிப் பிடிக்காது, டியூப் வெடிப்பதும் உண்டு. வளைவுக்கு முன்பே முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் மாறி மாறி அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். பழைய கட்டைகளைக் கிளம்பும் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு, ஒளிரும் மேலங்கி ஆகியவை இல்லாமல் புறப்படவே விடமாட்டார்கள்.

இன்னொன்று. ஏலகிரி அடிவாரத்து ஊரின் பெயரும் பொன்னேரிதான். வரைபடத்தில் வெறுமனே பொன்னேரி என்று தட்டினால், நீங்கள் வாராவாரம் கடந்துபோகிற பொன்னேரிக்கே அது வழிகாட்டிவிடும். பக்கத்தில் ஜோலார்பேட்டை என்பதையும் சேர்த்துத் தட்டுங்கள்.