முழுப்புள்ளி

அன்புள்ள ஐயா,

எங்கள் ஐயாவின் (அப்பாவின் அப்பா) தம்பி, நாங்கள் சின்ன ஐயா என்போம், 1939 சித்திரையில் மலாயாவில் ஈப்போவுக்கு, செட்டியார் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகப் போனார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அங்கே நேதாஜியின் படையில் காலாட்படைச் சிப்பாயாகச் சேர்ந்து இம்பாலில் சண்டை போட்டார் என்பது எங்கள் வளவில் எல்லோருக்கும் மனப்பாடம். 1946இல் 'நலம்' என்று ஒரு கடிதம் வந்தது. அப்புறம் மலாயாவிலேயே குடும்பம் ஆகித் தங்கிவிட்டார். 1978இல் இறந்ததாக ஐயா பேருக்குத் தந்தி வந்தது.

அடுத்த வருஷம் எங்கள் வீட்டு மணிவிழாவுக்கு ஒரு மலர் போடுகிறோம். அதில் "எங்கள் குடும்பத்துப் போர்வீரர்" என்று நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அதையும் படத்தையும் இணைத்துள்ளேன். அவருடைய ராணுவப் பதிவை எங்கே தேடுவது? இன்னொன்று, மலேசியாவில் அவருடைய மகள், எனக்கு அத்தை முறை, வாட்ஸ்அப்பில் கிடைத்திருக்கிறார். "ஊர்ல அப்பாவுக்கு யாரு இருந்தா?" என்று கேட்கிறார். என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஊரில் அவர் விட்டுப்போன மனைவி, எங்கள் சின்ன அப்பத்தா, 1991 வரை எங்களோடுதான் இருந்தார். தந்தி வந்த பிறகும் கோயிலுக்கு முழுப்புள்ளிதான் கட்டினார். கேட்டால், "தந்தி உங்க பேருக்குத்தானே வந்துச்சு, எனக்கு வரலையே" என்பாராம்.

(பெயரும் ஊரும் வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். நான் கல்லல் பக்கத்துக்காரன், நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) அல்ல. அதனால் உங்கள் வீட்டு வழக்கம் எதையாவது பிசகாகச் சொன்னால் திருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் படம். ஸ்டூடியோ நாற்காலியின் முதுகில் ஒரு கை. தலையில் பட்டாளத் தொப்பி, அதற்குக் கீழே மூன்று பட்டையாக விபூதி. பூட்ஸ் அவர் அளவு இல்லை, முன்பக்கம் காலியாக மடங்கியிருக்கிறது. பின்னால் மசியில் "ஈப்போ 15-1-45" என்று இருக்கிறது. கணக்கு எழுதிப் பழகிய கை, எண்கள் அச்சு மாதிரி விழுந்திருக்கின்றன. உங்கள் நான்கு பக்கத்தில் இந்தத் தேதி எங்கேயும் இல்லையே, ஏன்?

இம்பால் சண்டை 1944 மார்ச்சில் தொடங்கி ஜூலையில் தோல்வியில் முடிந்தது. அதில் போன ஐ.என்.ஏ. (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) ஆட்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்டவர்கள். உங்கள் சின்ன ஐயா மாதிரி கடையிலிருந்தும், ரப்பர் தோட்டத்திலிருந்தும் வந்தவர்கள் பெரும்பாலும் 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு சேர்ந்தவர்கள். அவர்களில் ஒரு பகுதி பர்மாவுக்குப் போய் 1945இல் ஐராவதிக் கரையிலும் போப்பா மலையிலும் சண்டை போட்டது. இன்னொரு பெரிய பகுதி மலாயா முகாம்களிலேயே இருந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபோதும் அங்கேதான் இருந்தார்கள். ஜனவரியில் ஈப்போவில் விபூதி பூசிக்கொண்டு படம் பிடித்துக்கொண்ட ஆள் இந்த இரண்டாவது கூட்டத்தில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நம் பக்கத்தில் ஐ.என்.ஏ. என்று சொன்னாலே இம்பால் என்று சேர்த்துவிடுகிறோம். இது ஒரு பழக்கம். முகாமில் இரண்டு வருஷம் கவாத்து பழகி, உத்தரவு வரும் வரும் என்று உட்கார்ந்திருந்தவனும் சிப்பாய்தான்.

எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தார், பட்டாளத்துத் தாத்தா. மலாயாவில் சுங்கைப்பட்டாணிப் பக்கம் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். போர் முடிந்ததும் ரஜூலா கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கி வந்துவிட்டார். ஐ.என்.ஏ.வில் கவாத்து எல்லாம் இந்துஸ்தானியில்தான். அவருக்கு மிச்சமிருந்த இந்துஸ்தானி முழுக்க எருமைக்குப் போயிற்று. குளத்திலிருந்து ஓட்டி வரும்போது "பீச்சே முட்!" என்று ஒரு அதட்டல் போடுவார், எருமை நிஜமாகவே திரும்பும். அவரிடம் சண்டை பற்றிக் கேட்டால் எப்போதும் சாப்பாட்டைப் பற்றித்தான் சொல்வார். ஒரே குசினி, ஒரே அண்டா. சீக்கியன், துலுக்கன், தோட்டத்து ஆள், செட்டியார் வீட்டுப் பையன் எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரே வரிசை. "செட்டியார் பையன் மொத ரெண்டு நாளு பட்டினி கெடந்தான். மூணாம் நாளு எனக்கு முன்னாடி நின்னான்" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தப் பையன் உங்கள் சின்ன ஐயா என்று சொல்ல வரவில்லை.

ஆனால் உங்கள் கட்டுரையில் பதில் இல்லாத கேள்வி ஒன்றுக்கு இதில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது. "போர் அவரைத் திரும்ப விடவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கடை வேலைக்கான மூன்று வருஷக் கணக்கு முடிந்து 1942 சித்திரையில் அவர் ஊர் வந்திருக்க வேண்டும். நாலு மாதம் பாக்கி இருக்கும்போது, 1941 டிசம்பர் 8இல், ஜப்பான்காரன் கோத்தாபாருவில் இறங்கிவிட்டான். அதுவரைக்கும் சரி. போர் முடிந்த பிறகு? கப்பல் ஓடியது. எங்கள் பட்டாளத்துத் தாத்தா வந்தார். சிவில் ஆட்களாகச் சேர்ந்தவர்களைப் பிரிட்டிஷார் பெரும்பாலும் விசாரித்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டார்கள். கடிதம் போடத் தெரிந்தவருக்கு டிக்கெட் எடுக்கத் தெரியாதா? அவர் திரும்பாதது போரால் அல்ல, அவராக எடுத்த முடிவு.

ஏன் எடுத்தார் என்று நான் ஊகம்தான் செய்ய முடியும். கிட்டங்கியில், அதாவது அந்த வட்டிக்கடையில், பெட்டியடிப் பையன் என்றால் பெட்டிக்கு அடியில் பாயில் உட்கார்ந்து, மேலாள் கை நீட்டும்போது ஏட்டை எடுத்துக் கொடுக்கிறவன். அவன் துப்பாக்கி பிடித்துவிட்டான், அண்டாச் சோறு தின்றுவிட்டான். 1943இல் சிங்கப்பூர் டேங்க் ரோடு செட்டியார் கோயிலுக்கு நேதாஜியை அழைத்தபோது, எல்லாச் சாதியும் எல்லா மதமும் உள்ளே வரலாம் என்றால்தான் வருவேன் என்று சொல்லி, முஸ்லிம் அதிகாரிகளோடு போனார். அந்தக் காலத்தில் அந்த ஊரில் அதெல்லாம் நடந்தது. கடைக்குத் திரும்பலாம் என்றால் கடையும் பழைய கடையாக இல்லை. கடன் வாங்கியவர்கள் ஜப்பான் காலத்தில் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டைக் கொண்டுவந்து கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். போருக்குப் பிறகு அந்த நோட்டு வெறும் காகிதம். இதெல்லாம் காரணமாக இருக்கலாம். ஒரு பெண்ணைப் பிடித்துப்போயிற்று என்பதும் காரணமாக இருக்கலாம். அதையும் மதிக்கிறேன்.

பதிவு பற்றிக் கேட்டீர்கள். சிவிலிலிருந்து சேர்ந்தவருக்கு இந்திய ராணுவப் பதிவே கிடையாது. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. தாள்கள் இருக்கின்றன, முயன்று பாருங்கள். அதற்கு முன்னால் மலேசிய அத்தையிடம் கேளுங்கள். அவருடைய அப்பா வைத்திருந்த அடையாள அட்டை நீலமா சிவப்பா? நீலம் என்றால் குடிமகன். சிவப்பு என்றால் நிரந்தரவாசி மட்டும். சிவப்பாக இருந்தால், நாற்பது வருஷத்துக்குக் கிட்ட இருந்தும் அந்த நாட்டுக்காரராக ஆகவில்லை, அல்லது ஆக விடவில்லை. எதுவானாலும் ராணுவப் பதிவைவிட அது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

இப்போது, நீங்கள் கடைசி மூன்று வரியில் தள்ளிவிட்ட ஆளுக்கு வருகிறேன்.

நகரத்தார் அல்லாத வாசகர்களுக்காக: கோயில் கணக்கில் கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி. அந்தக் கணக்குக்குத்தான் வரி. ஒருவர் போய்விட்டால் மற்றவர் அரைப்புள்ளி. உங்கள் சின்ன அப்பத்தா கணவனோடு ஒரு வருஷம்கூட வாழவில்லை. 1946க்குப் பிறகு கணவன் உயிரோடு இருப்பது தெரியும், ஆகவே அரைப்புள்ளி இல்லை. கணவன் உயிரோடு இருக்கும்போது தானாகப் பிள்ளை கூட்டிக்கொள்ளவும் (தத்தெடுக்கவும்) பொதுவாக வழியில்லை, 1956 தத்தெடுப்புச் சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது. 1978இல் வழி திறந்தது. ஆனால் அதற்கு அவர் விதவை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பதிமூன்று வருஷம், வருஷா வருஷம், தன் கைக்காசைக் கொடுத்து முழுப்புள்ளி கட்டினார்.

"பாவம், நம்பிக்கொண்டே இருந்தார்" என்று உங்கள் கட்டுரையின் அடிக்குறிப்பில் இருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தந்தி யார் பேருக்கு வந்தது என்று கேட்கிற பொம்பளை எதையும் நம்பி ஏமாறுகிற ஆள் இல்லை. கணவன் போனதையும் அண்ணனுக்குத்தான் சொன்னான், தங்கியதையும் அண்ணனுக்குத்தான் எழுதினான், செத்ததையும் அண்ணனுக்குத்தான் சொன்னார்கள். அவருக்கென்று ஒரு வரி எழுதியவர் யாரும் இல்லை. எழுதாத சேதியை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார். இது துக்கமா வீம்பா என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை, வீம்புதான் கொஞ்சம் தூக்கல் என்று படுகிறது.

அத்தைக்கு என்ன சொல்வது? நடந்ததைச் சொல்லுங்கள். எழுபது தாண்டியவர் தாங்குவார். ஆனால் முதலில் "அப்பா உங்களிடம் என்ன சொல்லியிருந்தார்?" என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். தெரிந்துகொண்டே கேட்கிறவர்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பாமல் போன் போட்டுப் பேசுங்கள்.

மலரில் சின்ன ஐயாவின் படத்தைத் தாராளமாகப் போடுங்கள். கீழே இம்பால் என்று எழுத வேண்டாம். "ஈப்போ, 15-1-45" போதும். நான்கு பக்கத்தில் இரண்டைச் சின்ன அப்பத்தாவுக்குக் கொடுங்கள். அவர் இருந்த உள்வீட்டுப் பெட்டகத்தில் புள்ளி வரி ரசீதுகள் கட்டாகக் கிடக்கும், கணக்கு வீட்டில் காகிதத்தைத் தூக்கிப்போட மாட்டார்களே. 1979ஆம் வருஷத்து ரசீது கிடைத்தால் அதையும் ஸ்கேன் செய்து எதிர்ப் பக்கத்தில் போடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.