பனி நாட்டு வீதியோர வானிலைக் கம்பம் மூதூர்ப் பக்கத்துக்குச் சரிவருமா?

கேள்வி: கனடா, பின்லாந்து மாதிரி நாடுகளில் பனிக்கால நெடுஞ்சாலை ஓரமாக வானிலை அளக்கும் கம்பங்கள் நிற்கின்றன. போடுகிற காசுக்குப் பிரயோசனம் உண்டா? திருகோணமலை–மட்டக்களப்பு வீதிக்கும் அப்படி வைக்கலாமா?

கேட்கிற விதத்தைப் பார்த்தால் எங்கேயோ ஒரு திட்ட முன்மொழிவு எழுதப் போகிறீர்கள் போல. அப்படியென்றால் விலை கேட்டுக் கடிதம் போடுவதற்கு முதல் இதை வாசியுங்கள்.

அங்கே அந்தக் கம்பத்தின் முக்கிய வேலை, உப்பு லொறியை இரவு எத்தனை மணிக்கு வெளியே விடுவது என்று முடிவெடுக்க உதவுவது. முகில் இல்லாத, காற்றும் அடிக்காத இரவில் தார் வீதி வெப்பத்தை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு மீற்றர் உயரத்தில் காற்று +2 பாகை காட்டும் நேரத்தில் வீதியின் மேற்பரப்பு −1 இல் கிடக்கும். அதன்மேல் ஈரம் படிந்து உறைந்தால் ஊடே தாரின் கறுப்புத் தெரியும். சாரதி வெறும் ஈரம் என்றுதான் நினைப்பார். பாலங்களில் இது முந்தி நடக்கும், ஏனென்றால் அடியிலிருந்து நிலத்தின் சூடு வராது. வானொலி சொல்வது காற்றின் வெப்பநிலையை. ஆகவே உச்சியில் காற்றுமானி, தலைக்கு மேல் வெப்ப ஈரப்பத மானி என்று எத்தனை இருந்தாலும், காசுக்கு வேலை செய்வது வீதியின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்க வீதிக்குள் பதித்த வட்டத் தட்டும், 30–45 செ.மீ. ஆழத்தில் புதைத்த இன்னொரு முனையும்தான்.

உறைய முதலே 23 சதவீத உப்புநீரைத் தெளித்தால் பனி வீதியோடு ஒட்டாது. ஒட்டிய பிறகு பெயர்ப்பதென்றால் உப்பு மிகக் கூடுதலாக வேண்டும். −9 பாகைக்குக் கீழே சாதாரண உப்பு மந்தமாகிவிடும். கல்சியம் குளோரைட்டு போன்ற விலை கூடிய சரக்குக்குப் போக வேண்டும். மிச்சம் பிடிப்பது இங்கேதான்: வீணாகக் கொட்டும் உப்பு, தேவையில்லாத இரவு மேலதிகநேரக் கொடுப்பனவு, பிந்திப் போனதால் நடக்கும் விபத்து.

பனிக்கால வீதிப் பராமரிப்பில் வானிலைத் தகவலின் பயனைச் செலவோடு ஒப்பிட்டு அமெரிக்காவில் 2009 இல் வெளியான ஆய்வில், ஒரு டொலருக்கு அயோவாவில் 1.8, நெவாடாவில் 3.2, மிச்சிகனில் 36.7 என்று வந்தது. மாநிலத்துக்கு மாநிலம் இருபது மடங்கு வித்தியாசம். கருவி விற்பவர் 36.7 ஐத்தான் காட்டுவார். நீங்கள் 1.8 ஐ வைத்துக் கணக்குப் பாருங்கள்.

செலவில் பலர் தவறவிடுவது பராமரிப்பு. பதித்த தட்டு வீதி மட்டத்துக்கு மேலே துருத்தினால் பனி வழிக்கும் தகடு பெயர்த்துக்கொண்டு போகும். பதிந்து கிடந்தால் தண்ணி தேங்கி, வீதி காய்ந்த பிறகும் ஈரம் என்றே சொல்லும். வீதிக்குப் புதுத் தார் போடும் நாளில் முழுதாகவே போய்விடும். அதனால் கம்பத்தில் இருந்தபடியே அகச்சிவப்புக் கதிரால் பார்க்கும் கருவிக்கு மாறுகிறார்கள். அதிலும் கண்ணாடியில் உப்புத் தூவானம் படியும், கம்பம் கொஞ்சம் அசைந்தால் குறி விலகும். ஒவ்வொரு பனிக்காலத்துக்கும் முதல் ஆள் போய்ப் பார்த்தே ஆகவேண்டும்.

இனி எங்கட ஏ15, அதாவது திருகோணமலை–மட்டக்களப்பு வீதி. இங்கே உறைபனி இல்லை. நுவரெலியாவில் தை மாதம் புல்லில் உறைபனி விழும், அதற்கு உப்பு லொறி தேவையில்லை. எங்களுக்கு மார்கழி என்றால் வடகீழ்ப் பருவக்காற்றும் மகாவலித் தண்ணியும். 2011 ஜனவரியிலும் 2025 நவம்பர் திட்வாப் புயலிலும் பார்த்ததுதான். ஆகவே பின்லாந்துக் கம்பத்தை அப்படியே இறக்கினால் பாதிக் காசு தண்டம். இங்கே அளக்க வேண்டியது வீதியின் மிகத் தாழ்ந்த இடத்தில் தண்ணியின் ஆழம்.

சப்பாத்துப் பாலத்தின் (வெள்ளம் மேலால் பாயும் தாழ்ந்த பாலம்) தாழ்ந்த புள்ளியைப் பூச்சியம் என்று வைத்து மட்டம் பிடியுங்கள். புதிதாகத் தார் போட்டு 5 செ.மீ. உயர்ந்தால் மறுபடி மட்டம் பிடிக்க வேண்டும், இதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். 15 செ.மீ. தண்ணி சாதாரணக் காரின் அடித்தளத்தைத் தொடும், எஞ்சின் நிற்கலாம். 30 இல் பல வாகனங்கள் மிதக்கத் தொடங்கும். 60 இல் ஓடும் தண்ணி பெரிய ஜீப்பையும் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே 10 இல் எச்சரிக்கை, 15 இல் தடை.

சென்சருக்கு றேடார் வகையை எடுங்கள்; பாலத்துக் கைபிடியிலிருந்து கை நீட்டிப் பொருத்தினால் தண்ணியில் படாது. குழாய்க்குள் இறக்கும் அழுத்த சென்சர் மலிவு, ஆனால் மகாவலிச் சேறு முதல் வெள்ளத்திலேயே குழாயை அடைக்கும். வயரோடு வரும் மூச்சுக்குழாயில் (வெளிக்காற்றைச் சென்சருக்குக் கொண்டுபோகும் மெல்லிய குழாய்) ஈரம் ஏறினால் அளவு மெல்ல மெல்ல நகரும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆணி, கிளிப் எல்லாம் கறள் பிடிக்காத 316 ரக உருக்கு. நாகம் (துத்தநாகம்) பூசியதென்றால் இந்தக் கடற்காற்றில் வெகு சீக்கிரம் கறள் பிடிக்கும். வயர்கள் பெட்டிக்குள் அடிப்பக்கத்தால், ஒரு தொங்கல் விட்டு நுழைய வேண்டும். பெட்டி பழைய வெள்ளக் குறிக்கு மேலே. இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்காதீர்கள், சொல்லத்தான் வேண்டும்.

மின்சாரக் கணக்கு: அளவுகளைச் சேர்த்து வைக்கும் பதிகருவியும் அவற்றை அனுப்பும் மொடமும் சராசரி 100 மில்லிஅம்பியர் எடுத்தால் நாளுக்கு 2.4 அம்பியர்மணி. மாரியில் ஒரு கிழமை வெயிலே இல்லை என்று வையுங்கள், 17 வரும். ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே வடியவிடக் கூடாது, ஆக 34. கடையில் 40 ஐக் கேளுங்கள். சோலார் பனல் 40 வோற்று, தெற்குப் பார்த்து 15 பாகைச் சாய்வு. அதைவிடப் படுக்கையாக வைத்தால் காக்கை எச்சத்தை மழை கழுவாது.

சிக்னல் நின்றால் திரையில் பூச்சியம் வரக் கூடாது. “தகவல் இல்லை” என்று சிவப்பில் வர வேண்டும், அதையும் ஆபத்தாகவே எடுக்க வேண்டும். வெள்ளத்தில் தொலைபேசிக் கோபுரமும் படுத்துவிடும் என்பதால் வீதியோர மினுக்கு விளக்கு வலையமைப்பை நம்பாமல் சென்சரிலிருந்து நேரே எரிய வேண்டும். பெரிய அறிவிப்புப் பலகை தண்ணி நிற்கும் இடத்தில் தேவையில்லை. ஹபரணை, பொலன்னறுவை சுற்றிப் போவதா என்று சாரதி தீர்மானிக்கக்கூடிய இடத்தில், அதாவது திருகோணமலையிலும் திருக்கொண்டியாமடுச் சந்தியிலும் வையுங்கள். மன்னம்பிட்டியில் நீர்ப்பாசனத் திணைக்களம் ஏற்கனவே மகாவலி மட்டத்தை அளக்கிறது. அங்கே ஏறிய தண்ணி கீழே ஏ15 கடக்கும் வெருகலுக்கு வர நேரம் எடுக்கும். அந்த அளவை டிப்போவுக்கும் பொலிசுக்கும் நேரத்துக்குக் கொண்டுவருவது புதுக் கம்பத்தைவிட மலிவு.

“வெள்ளம் வந்தால் கண்ணால் தெரியாதா” என்று யாரோ கட்டாயம் கருத்துப் போடுவார்கள். இரவில், மழையில், மண்ணிறத் தண்ணிக்கு அடியில் வீதி இருக்கிறதா அரித்துக்கொண்டு போய்விட்டதா என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. நான் எந்தக் கம்பனிக்கும் ஆள் இல்லை என்பதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் எந்தச் சென்சரும் பிடிக்காது: மழை விட்டதும் தார் காய்ந்திருக்கிறது என்று நடுவீதியில் படுத்து அசைபோடும் கட்டாக்காலி மாடுகள். சொந்தக்காரனுக்குத் தண்டம் போடுகிறோம் என்று ஒவ்வொரு வருடமும் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள், மாடு கேட்கிறது, சொந்தக்காரன் கேட்பதில்லை. சரி, அது வேறு கதை.

காசு குறைவென்றால் முதலில் 10 செ.மீ. கோடு போட்ட ஆழக் கம்புகளை வீதியின் இரு பக்கமும் நடுங்கள், பெயின்ற் செலவுதான். அடுத்தது சென்சர். மழைமானி கடைசி. அதையும் ஒக்டோபரிலேயே சோதியுங்கள்: 200 மி.மீ. வாயுள்ள மானியில், உள்ளே இருக்கும் சின்ன வாளி ஒரு தரம் சாய்வதற்கான 0.2 மி.மீ. என்பது 6.3 மில்லிலீற்றர், ஆக அரை லீற்றர் தண்ணியை மெல்ல வடித்தால் வாளி ஏறக்குறைய 80 தரம் சாய வேண்டும். 60 தான் வருகிறதென்றால் புனலைக் கழற்றிப் பாருங்கள், குளவி கூடு கட்டியிருக்கும்.