ஒன்பது நாள் தளத்தில் டைல்ஸ் ஒட்டலாமா?

கேள்வி: மேஸ்திரி அண்ணே, ராமமூர்த்தி நகரில் மாடி வீடு கட்டியிருக்கிறோம். ஹாலுக்கும் இரண்டு ரூமுக்கும் 50 மில்லிமீட்டர் கனத்தில் ஸ்கிரீட் (டைல்ஸுக்கு அடியில் போடும் சிமெண்ட்-மணல் தளம்) போட்டு இன்றோடு 9 நாள். மூன்று நாள்தான் தண்ணீர் விட்டார்கள். மேலே சிமெண்ட் பால் ஊற்றி வழவழவென்று தேய்த்துக் கொடுத்திருக்கிறார்கள். கையால் தடவினால் வெள்ளையாக மாவு ஒட்டுகிறது. இரண்டுக்கு நாலடி விட்ரிஃபைட் டைல்ஸ் வந்து இறங்கிவிட்டது. ஐப்பசியில் கிரகப்பிரவேசம், இன்னும் 20 நாள். "நல்ல பசை வாங்கிக் கொடுங்க, நாளைக்கே ஒட்டிடலாம்" என்கிறார் டைல்ஸ்காரர். ஆரம்பிக்கச் சொல்லலாமா?
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: வேண்டாம், தங்கச்சி. கடிதத்தைப் படித்ததும் என் கண் அந்த மாவில்தான் போய் நின்றது.

2014இல் பானஸ்வாடியில் ஒரு வீட்டுக்கு நான் ஒட்டிக் கொடுத்தேன். அங்கேயும் விசேஷத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். தளம் போட்டு 11 நாள். பசையில் குறை வைக்கவில்லை, ஒரு கல் விடாமல் தட்டி உட்கார வைத்தேன். அடுத்த சித்திரையில் உச்சி வெயில் நேரத்தில் 'டப்'பென்று ஒரு சத்தம். ஹால் நடுவில் இரண்டு டைல்ஸ் கூரை மாதிரி தூக்கி நிற்கிறது. பெயர்த்துத் திருப்பிப் பார்த்தேன். பல்கரணை இழுத்த வரி வரியான பசை அப்படியே டைல்ஸ் முதுகில் இருக்கிறது. அந்தப் பசையின் மேல் அப்பளம் போலச் சாம்பல் நிறத்தில் ஒரு தோல். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பசை விடவில்லை, அம்மா. அது சிமெண்ட் பாலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சிமெண்ட் பால்தான் தளத்தை விட்டு வந்துவிட்டது. என் கைக்காசில் மொத்த ஹாலையும் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தளத்தைத் தொட்டுப் பார்க்காமல் வேலை ஒத்துக்கொள்வதில்லை.

தளத்தில் இருக்கும் ஈரம் போகப் போக அது சுருங்கும். சுட்டெடுத்த டைல்ஸ் சுருங்காது. இரண்டையும் அவசரமாக ஒட்டிவிட்டால் கீழே இருப்பது இழுக்க, மேலே இருப்பது ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு போக்கிடம் இல்லாமல் எழும்பும். தண்ணீர் விட்டு முடித்த பிறகு 40 மில்லிமீட்டர் வரை மில்லிமீட்டருக்கு ஒரு நாள், அதற்கு மேல் இரண்டிரண்டு நாள் என்பது காய்வதற்குப் பழைய கணக்கு. உங்கள் தளம் முழுக்கக் காய 60 நாள் ஆகும். மரப்பலகையோ வினைலோ விரிப்பதானால் அத்தனை நாளும் காத்திருக்கத்தான் வேண்டும். சிமெண்ட் பசையில் ஒட்டும் டைல்ஸுக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் 28 நாளுக்குக் குறைத்து நான் கை வைக்க மாட்டேன். ஐப்பசி மழையில் நம் ஊர்க் காற்றே ஈரம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், சாரல் மட்டும் உள்ளே விழ வேண்டாம்.

28 நாள் ஆனதும் முதல் வேலை அந்தத் தோலை எடுப்பது. கிரைண்டரில் டைமண்ட் கப் மாட்டித் தேய்த்தால் மணல் கண் திறந்து தெரியும், அதுவரை தேய்க்க வேண்டும். சிலர் உளியால் கொத்திவிடலாம் என்பார்கள். 50 மில்லிமீட்டர் தளத்தில் அடி பலமாக விழுந்தால் அடியில் விட்டுப்போகும், சம்மதிக்காதீர்கள். ஆசிட் ஊற்றிக் கழுவவும் விடாதீர்கள். தேய்த்த தூசியைத் துடைப்பத்தால் தள்ளினால் பாதி அங்கேயே படியும். வாக்வம் போட்டே எடுக்கச் சொல்லுங்கள்.

பிறகு ஓர் இரும்புக் கம்பியை எடுத்துத் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே நடங்கள். 'ணங்' என்றால் சரி. 'டொக்'கென்று பொக்கையாகக் கேட்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள், அங்கே வெட்டி எடுத்துப் புதுக் கலவை போட வேண்டும். ஆணியால் கீறிப் பாருங்கள். தண்ணீர் குறைவாக விட்டிருப்பதால் இது உங்களுக்கு முக்கியம். கோடு விழுந்தால் பரவாயில்லை, பொலபொலவென்று மணல் உதிர்ந்தால் அந்த இடம் நிற்காது.

ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்து மாதிரி அப்படியே நின்றால் தோல் இன்னும் போகவில்லை. விட்டதும் உறிஞ்சினால் பசையின் தண்ணீரையும் தளம் குடித்துவிடும், பிரைமர் அடிக்க வேண்டும். ஈரத்துக்கு, ஒன்றரையடிச் சதுரமாகப் பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, 16 மணி நேரமாவது விட்டுப் பிரித்துப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ இன்னும் ஒரு வாரம்.

இரண்டு மீட்டர் அலுமினியக் கட்டையை வைத்தால் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரியக் கூடாது. நாலடி நீளக் கல்லுக்கு இது ரொம்ப அவசியம். பள்ளத்தைப் பசையால் நிரப்பிக்கொள்ளலாம் என்பார்கள், அங்கேதான் பின்னால் பொக்கை விழும். லெவலிங் கலவையால் முன்கூட்டியே நிரப்பிக் காயவிட வேண்டும். பசையை, டைல்ஸ் பசைக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 15477 முத்திரையோடு, டைப் 2க்குக் குறையாமல் வாங்குங்கள். சுவரோரம் சுற்றிலும் 6 மில்லிமீட்டர் சந்து விடச் சொல்லுங்கள். சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும். சிமெண்டால் அடைக்கக் கூடாது.

கிரகப்பிரவேசத்தைத் தள்ள வேண்டாம். வெறும் தளத்தைக் கூட்டிக் கோலம் போட்டுப் பால் காய்ச்சுங்கள். ஹோமம் உண்டென்றால் குண்டத்தின் செங்கலுக்கு அடியில் மணலைக் கனமாகப் பரப்பச் சொல்லுங்கள், இளம் தளத்தில் சூடு நேரே இறங்கினால் வெடித்துவிடும். சாமான் ஏற்றுவது மட்டும் டைல்ஸ் முடிந்த பிறகு.

கேள்வி: பிரைமருக்குப் பதிலாகத் தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து அடிக்கலாம் என்கிறார்களே?
– ஒரு வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: கூடாது, தம்பி. ஈரம் பட்டால் அது மறுபடி இளகும், சிமெண்ட் பசையிலோ ஈரம் இருந்தே தீரும். சிமெண்ட் தளத்துக்கென்று அக்ரிலிக் பிரைமர் இருக்கிறது, அதை டப்பாவில் எழுதியிருக்கும் அளவில் கரைத்து ஒரு கை அடியுங்கள். தொட்டால் ஒட்டாத பதம் வந்த பிறகு பசையைக் குழையுங்கள்.