டிஜிட்டல் மார்க்கெட்டிங்கில் நிறுவனத் தலைவர் எதைத் தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்?

"சமூக ஊடகமும் இணைய விளம்பரமும் எனக்கு அவ்வளவாகப் புரியாது. எல்லாவற்றையும் ஒரு ஏஜென்சியிடம் கொடுத்துவிட்டேன். நிறுவனத்தை நடத்துபவனாக நான் என்னதான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரீல்ஸ் எடுப்பது, ஹேஷ்டேக் போடுவது, எந்த நேரத்தில் பதிவிடுவது, இதெல்லாம் உங்களுக்குத் தெரியாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் "இந்த விளம்பரம் இல்லாவிட்டாலும் இந்த விற்பனை நடந்திருக்குமா?" என்ற கேள்வியை மட்டும் யாரிடமும் விட்டுவிடாதீர்கள். விளம்பரக் கணக்குகளைக் கையாள்வதுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்தக் கேள்வியை உங்களைத் தவிர வேறு யாரும் கேட்க மாட்டார்கள். விளம்பரச் செலவில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் வாங்கும் ஏஜென்சிக்கு இதைக் கேட்க என்ன அவசியம்?

இணையத்தில் பொருள்களை வாங்கவும் விற்கவும் உதவும் ஈபே நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். தேடுபொறியில் ஒருவர் 'ஈபே' என்ற பெயரையே தட்டித் தேடினாலும் மேலே ஈபேயின் விளம்பரம் வரும். அதைக் கிளிக் செய்தால் நிறுவனம் காசு கொடுக்க வேண்டும். 2012-இல் அங்கிருந்த பொருளாதார ஆய்வாளர்கள் யாஹூ, எம்எஸ்என் தேடுபொறிகளில் அந்த விளம்பரங்களை நிறுத்திப் பார்த்தார்கள். விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்த வருகையில் 99.5 சதவீதம் அதே பக்கத்தில் இருந்த இலவச இணைப்பு வழியாக வந்துவிட்டது. அடுத்து, பெயர் இல்லாத பொதுவான சொற்களுக்கான கூகுள் விளம்பரங்களை அமெரிக்காவின் சில பகுதிகளில் மட்டும் நிறுத்தினார்கள். புதியவர்களிடமும் எப்போதாவது வாங்குபவர்களிடமும் விளம்பரம் வேலை செய்தது. அடிக்கடி வாங்குபவர்கள் விளம்பரம் இல்லாமலும் வாங்கினார்கள்.

உங்களுக்கு மாதாமாதம் வரும் அறிக்கையிலும் இதே சிக்கல் இருக்கலாம். போட்ட காசுக்கு ஆறு மடங்கு விற்பனை என்று ஒரு வரி இருக்கும். அதில் உங்கள் நிறுவனத்தின் பெயரைத் தேடி வந்தவர்கள் எத்தனை பேர், ஏற்கெனவே கார்ட்டில் பொருளைப் போட்டுவிட்டுப் போனவர்களைத் துரத்திய ரீடார்கெட்டிங் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டையும் கழித்தபின் மிஞ்சுவதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அப்புறம் ஒரு பகுதியில் மட்டும் சில வாரங்கள் விளம்பரத்தை நிறுத்தி, மற்ற பகுதிகளோடு விற்பனையை ஒப்பிடச் சொல்லுங்கள். விற்பனை எண்ணிக்கை குறைவாக இருந்தால் இந்தச் சோதனையில் எதுவும் தெளிவாகத் தெரியாது. அப்படியானால் புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?" என்று கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதி வையுங்கள். "நண்பர் ஒருவர் உங்கள் வீடியோவை அனுப்பினார்" என்ற மாதிரி பதில்கள் விளம்பர எண்களைக் காட்டும் எந்த டேஷ்போர்டிலும் வராது.

தளங்கள் தரும் எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஒரு வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதைச் சுமார் இரண்டு ஆண்டுகள் அதிகமாகக் காட்டிவிட்டதாக ஃபேஸ்புக்கே 2016-இல் ஒப்புக்கொண்டது. மொத்தம் பார்த்த நேரத்தை, மூன்று விநாடிக்கு மேல் பார்த்தவர்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுத்ததால் வந்த வினை அது.

தளத்தின் விதியும் உங்கள் கையில் இல்லை. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று அறிவித்ததும் நிறுவனப் பக்கங்கள் பின்னுக்குப் போயின. 2021 ஏப்ரலில் ஆப்பிள், பயனர் மற்ற ஆப்களிலும் இணையதளங்களிலும் என்ன செய்கிறார் என்று கண்காணிக்க ஆப்கள் அவரிடம் அனுமதி கேட்டே ஆக வேண்டும் என்று கொண்டுவந்தது. அதனால் 2022-இல் ஏறத்தாழ 1,000 கோடி டாலர் வருமானம் போகும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே சொன்னது. அவர்களுக்கே அந்த அடி என்றால், ஃபேஸ்புக்கை மட்டும் நம்பி விளம்பரம் செய்த சிறு நிறுவனங்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். சம்மதத்தோடு வாங்கிய மின்னஞ்சல், மொபைல் எண் பட்டியல் ஒன்று உங்களிடமே வளர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

ஏஜென்சிக்குக் கொடுத்த பிறகும் ஒரு வேலையை நீங்களே செய்யுங்கள். வாரத்தில் அரை மணி நேரம் கமெண்ட்டுகளையும் இன்பாக்ஸையும் படியுங்கள். "டெலிவரிக்கு எத்தனை நாள்?" என்று ஒரே பதிவின் கீழ் நான்கைந்து பேர் கேட்டிருந்தால், அந்தத் தகவல் உங்கள் இணையதளத்தில் கண்ணில் படும்படி இல்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் விளம்பரத்துக்குக் கூடுதல் பட்ஜெட் ஒதுக்குவது வீண்.

தலைவர் சமூக ஊடகத்தில் தன் பெயரில் எழுத வேண்டுமா என்றும் பலர் கேட்பார்கள். எழுதப் பிடித்தால் எழுதுங்கள். ஆள் வைத்து எழுதினால் படிப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாக, இதை இன்றே பார்த்துவிடுங்கள். விளம்பரக் கணக்கு, ஃபேஸ்புக் பக்கம், இணையதள வருகையை அளக்கும் அனலிட்டிக்ஸ், இணையதள முகவரியான டொமைன் எல்லாம் யார் பெயரில் இருக்கின்றன? ஏஜென்சியின் பெயரில் இருந்தால், நாளை பிரியும்போது பல வருட விளம்பர வரலாறும் அவர்களோடு போய்விடும். உரிமை நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். ஏஜென்சிக்கு வேலை செய்யும் அளவுக்கு அனுமதி கொடுத்தால் போதும்.